பின் சீட்டில் ஏறியவர்கள்

சம்பூர்ணம் வாங்கிய பழைய வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டு, அவள் ஏற்றவே ஏற்றாத ஒரு பெண் இறங்கியது ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெள்ளகோவில் கடைவீதிக்குப் பின்னாலிருக்கிற எண்ணெய்ச் செக்குச் சந்தில். பச்சைப் பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையும் கையில் எவர்சில்வர் தூக்குப்போசியுமாக இறங்கிய அந்தப் பெண், வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "இது திண்டுக்கல் இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"வெள்ளகோவிலுங்க" என்றாள் சம்பூர்ணம். புண்ணாக்கு மூட்டை ஏற்ற வந்தவள் அவள்; டிக்கியைத் திறந்தபடி நின்றிருந்தாள்.

"நான் காதுகுத்துக்குப் போகோணுமே" என்ற அந்தப் பெண், எதிரே இருந்த நீலக் கதவைக் கண்டதும் பேச்சை விட்டுவிட்டாள். அது அவளுடைய தம்பி வீடு. தகப்பனின் கருமாதியன்று வந்த ஒரு வார்த்தையில் ஏழு வருஷமாக அவனோடு பேச்சில்லை. தூக்குப்போசியைக் கை மாற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே தம்பி எழுந்து உட்கார முடியாமல் படுக்கையில் கிடந்தான் என்பதும், அவள் ஏறினது மூன்று வருஷத்துக்கு முந்தி, கரூரில், முதல் சொந்தக்காரன் வண்டியை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் என்பதும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. தலையில் பூ வாடியிருக்கவில்லை. தூக்குப்போசியைத் திறந்தபோது கச்சாயப் பலகாரம் இளஞ்சூடாக இருந்தது. அவள் பெயர் வசந்தாமணி. மறுநாள் கரூரிலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர், மாலை போட்டு மாட்டியிருந்த போட்டோவைக் கையோடு கொண்டுவந்து, அந்தச் சந்திலேயே மாலையைக் கழற்றிச் சாக்கடையில் போட்டார்.

சம்பூர்ணம் கருக்கம்பாளையத்துக்காரி. ஆறு ஏக்கர் முருங்கை. தோட்டத்துக்குப் போகிற மண்பாதையில் தாழ்வான கார் எதுவும் அடிவயிறு உரசாமல் போகாது என்பதால், உயரமாக நிற்கிற, அதே சமயம் வேலிச் சந்தில் நுழைகிற ஒரு சின்ன எஸ்யூவி வேண்டுமென்று நாலு மாதம் தேடி இதை வாங்கியிருந்தாள். புழுதி நிறம், அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினது, இரண்டாவது கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இடப்பக்கப் பின்கதவின் பிடி லேசாக ஆடும். "பாத்தாப் பெருசா இருக்குது, உள்ளே உக்காந்தா முழங்கால் இடிக்குது" என்று ஊர் சொன்னது. நாற்பத்து நாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவளுக்கு அதெல்லாம் ஒரு குறையாகப் படவில்லை.

வசந்தாமணி இறங்கிய அன்று முதல் சொந்தக்காரனுக்கு போன் போட்டாள். அவன் ஒளிக்கவில்லை. "ஆமாங்க்கா, பின்னாடி ஏறுறவங்க எல்லாரும் இறங்குறதில்லீங்க. முன் சீட்டுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. அதுக்குத்தானே வித்துப்போட்டேன்" என்றான். எத்தனை பேர் என்று கேட்டாள். "எண்ணலீங்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு, ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது சர்டிபிகேட் உறையோடு ஒரு மனிதர் இறங்கினார். காங்கேயத்தில் ஒரு தேவாலய வாசலில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கினார்கள். ஒரு கல்லறை மேட்டுக்குப் பக்கத்தில் இறங்கியவர் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தார். யாரும் ஏறும்போது சொன்ன ஊரில் இறங்கவில்லை என்பதையும், அவரவர் இறங்கிய இடத்தில் அவரவருக்கு ஒரு வேலை காத்திருந்தது என்பதையும் ஊர் மெல்ல மெல்லக் கவனித்தது. கவனித்து, மழை வந்தால் துணியெடுப்பதைப்போல, அதற்குத் தக்கபடி நடந்துகொள்ளத் தொடங்கியது. டீக்கடைக்காரர் இறங்குகிறவர்களுக்கென்று ஒரு பெஞ்சைத் தனியாகப் போட்டார். சலவைக்கடையில் இரண்டு வேட்டியும் இரண்டு சேலையும் எப்போதும் தயாராக இருந்தன. ஏட்டு ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து காணாமல்போனவர்களின் பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டு போனார். பிறகு கரூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குளித்தலையிலிருந்தும், தங்கள் வீட்டு ஆட்கள் என்றைக்கோ ஒருநாள் ஒரு புழுதி நிற வண்டியில் ஏறிப் போனதாக நினைவிருக்கிறவர்கள், போட்டோக்களோடு காலை பஸ்ஸில் வந்து இறங்கி, சம்பூர்ணத்தின் வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் பின்கண்ணாடியில் நெற்றியை வைத்து, உள்ளே காலியாகக் கிடக்கிற சீட்டைப் பார்த்து, வீட்டு விஷயங்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்றார்கள். கிணறு வற்றிவிட்டது என்றார்கள். கோபமெல்லாம் இல்லை, வா என்றார்கள். அவர்கள் சொன்ன ஊர்களுக்கெல்லாம் சம்பூர்ணம் ஓட்டிப்போனாள். சில நாள் பின்கதவு திறந்தது, பல நாள் திறக்கவில்லை.

அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து இதையெல்லாம் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நூல் மில்லில் பிட்டர். கைவேலை சுத்தம், வாய் கிடையாது. எந்தப் படத்துக்குப் போகலாம், மகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம், என்ன குழம்பு வைக்கட்டும் என்று எது கேட்டாலும், "உன் இஷ்டம் புள்ளே" என்பதுதான் பதில். கல்யாணமான புதிதில் இப்படி இல்லை; உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவைத்த ஆள்தான். வயசு ஏற ஏற மனுசன் அடங்கிப்போனார் என்று சம்பூர்ணம் நினைத்து, அதில் ஒரு நிம்மதியும் கண்டிருந்தாள். வண்டியில் எப்போதும் முன்சீட்டில், கண்ணாடிக்கு மேலிருக்கிற பிடியைப் பற்றிக்கொண்டு உட்காருவார்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, தோட்டத்தில் காய் பறித்து ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது, "முழங்கால் மடக்க முடியலை. பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்.

"வேண்டாங்க. பின்னாடி வேண்டாம்."

"அட, அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று சொல்லி, பிடி ஆடுகிற கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். அவர் தன் வார்த்தையில் நின்று அவள் பார்த்து ரொம்ப வருஷமாகியிருந்ததால், அதை மறுத்துப் பேச அவளுக்கு நாக்கு எழவில்லை. கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சட்டைத் தோளில் முருங்கைக் கொழுந்து ஒன்று ஒட்டியிருந்தது. வாய்க்கால் பாலத்தில் எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ஒதுங்கி, முரண்டு பிடிக்கிற கியரைத் தட்டிப் போட்டு, மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தாள். சீட்டு காலியாக இருந்தது.

சம்பூர்ணம் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. வீட்டு வாசலைத் தாண்டி, ஊரைத் தாண்டி, நேராக அவருடைய தகப்பனார் ஊரான புதுப்பைக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. அங்கிருந்து அவர் படித்த பள்ளிக்கூடம். அவர் முதல் முதலில் வேலை பார்த்த மில். அது இப்போது கல்யாண மண்டபம். மறுநாள் பழனி அடிவாரம். அதற்கு மறுநாள் மகள் படிக்கிற கோயமுத்தூர் ஹாஸ்டல் வாசல். மகள் ஓடிவந்து பின்கண்ணாடியில் கையை வைத்து, "அப்பா, இறங்குங்கப்பா" என்று கத்தினாள். வாட்ச்மேன் தலையைத் திருப்பிக்கொண்டார். பல்லடத்தில், அவருக்கு முதலில் பேசி நின்றுபோன பெண்ணின் வீட்டு முன்னாலும் கொண்டுபோய் நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் கை வைத்து, கதவு திறந்துவிடக் கூடாதே என்றும் திறந்துவிட வேண்டுமே என்றும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் வெளியே வந்து, துணி காயப்போட்டுவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான்.

பத்தொன்பது வருஷம் ஒரே தட்டில் சோறு போட்ட மனுசனுக்கு எங்கே போக வேண்டியிருந்தது என்று, உலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்ல வேண்டியவள் சம்பூர்ணம்தான், அவளுக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள், அவள் நங்கையா என்று கூப்பிடுகிற நாத்தனார் ருக்மணி ஆட்களோடு வந்தாள். வேப்பமரத்தடியில் போட்டோக்களோடு வந்திருந்தவர்கள் விலகி நின்றார்கள்.

"எந்தம்பிய என்ன பண்ணிப்போட்டே?"

"நங்கையா, தேடிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

"நீ தேடுனது போதும். திங்கக்கிழமை காத்தால லேத் பட்டறைக்குக் கொண்டு போறோம். கேஸ் கட்டர் வெச்சுப் பின்பக்கத்தை அறுத்துப்போடச் சொல்லியாச்சு. இன்ஸ்பெக்டரும் சரின்னுட்டாரு. உள்ளே இருக்கறவங்க வெளிய வந்துதானே ஆகோணும்?"

குளித்தலைக்காரர் ஒருவர் "அறுக்கட்டுமுங்க, ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுபோகும்" என்றார். நாமக்கல்லிலிருந்து வந்திருந்த அம்மாள் வண்டியின் குறுக்கே கையை விரித்து நின்றுகொண்டு, "எம்மகன் உள்ளே இருக்கறான். நெருப்பு வெச்சீங்கன்னா முதல்ல என்னை வைங்க" என்றாள். அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. டீக்கடை பெஞ்சில் அறுக்கலாம் என்பவர்கள் ஒருபக்கமும் கூடாது என்பவர்கள் ஒருபக்கமும் உட்கார்ந்தார்கள். வண்டிக்குக் காவலாக இரண்டு தரப்பிலும் இரண்டிரண்டு பேர் மரத்தடியிலேயே கிடந்தார்கள். அவள் சாவியை எடுக்கும்போதெல்லாம் எட்டுக் கண்கள் அவள் கையோடு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை வசந்தாமணி வந்தாள். தம்பிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்கெல்லாம் போய்ப் பாத்தே அம்மிணி?"

சம்பூர்ணம் சொன்னாள். வசந்தாமணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"எல்லாம் அவருக்குப் பிடிச்ச இடமாவே பாத்திருக்கறே. நான் பிடிச்ச இடத்திலயா இறங்குனேன்? அந்த நீலக் கதவு இருக்கற சந்து வழியாப் போகக் கூடாதுன்னு ஏழு வருசம் சுத்திக்கிட்டுப் போனவ நான். வெள்ளகோவில் பஸ்ல ஏறுனாக்கூட அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். அவரு எந்தப் பக்கம் பாக்க மாட்டாரு, அதைச் சொல்லு."

சம்பூர்ணத்துக்கு உடனே ஒரு பேர் நினைவில் வந்தது. மூலனூர். முருங்கைக்காய்க்குப் பேர்போன சந்தை மூலனூரில் இருக்க, காயை வெள்ளகோவிலுக்கே கொண்டுபோகலாம் என்ற மனுசன். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு அவளை மட்டும் அனுப்பிவிட்டு, மில்லில் ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்ற மனுசன். ஒருமுறை பஸ் அந்த வழியாகத் திரும்புகிறது என்று தெரிந்ததும் பாதியில் இறங்கி நடந்தே வந்தார். அவள் அதைக் கேட்டுச் சிரித்திருந்தாள்.

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காவலுக்கிருந்தவர்கள் எழுந்தார்கள். "வழியை விடுங்க" என்றாள். அவள் குரலில் என்ன கேட்டதோ, இரண்டு தரப்பும் விட்டுவிட்டது.

மூலனூர் சாலை நேர்சாலை. காற்று பக்கவாட்டில் அடித்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகளின் நிழல் சாலையை வெட்டி வெட்டிப் போனது. அவள் முப்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிகள் ஒலியெழுப்பித் திட்டிக்கொண்டு தாண்டின. ஒவ்வொரு ஊர்ப்பலகைக்கும் வேகத்தைக் குறைத்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், காலி சீட்டைத் தாண்டி ஓடுகிற சாலையைப் பார்த்தாள். ஒரு கோழிப்பண்ணை. ஒரு மூடிய பெட்ரோல் பங்க். ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டி ஒற்றை வேலமரம். கதவுப் பிடி ஆடுகிற சத்தம் கேட்டது.

பிரேக்கை மிதித்தாள். இன்ஜின் அணைந்துவிட்டது.

நாச்சிமுத்து இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மரத்துக்கு முன்னால் நின்றார். அதே சட்டை. தோளில் அந்த முருங்கைக் கொழுந்து பச்சையாக இருந்தது. சம்பூர்ணம் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள், சூடாக இருந்தது. அடிக்க வேண்டும்போல இருந்தது, அடிக்கவில்லை.

"பதினோரு நாளு ஆச்சுங்க. எதுக்குங்க பின்னாடி ஏறுனீங்க?"

"நானா இங்க வர்றதுக்குக் கால் வரலை புள்ளே. நீயாக் கொண்டாந்தா வர்றது, இல்லாட்டி அப்படியே இருந்துக்கறதுன்னு ஏறுனேன்."

"இங்க என்னங்க இருக்குது?"

அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முந்தி, பொழுது சாயற நேரம், மில் மேனேஜரின் காரை மூலனூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தர். இடித்த சத்தம். இறங்கிப் பார்த்தபோது அவருக்கு உயிர் இருந்தது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. தூக்கி வண்டியில் போட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் மூலனூர் ஆஸ்பத்திரி. "போடலை. மேனேஜருகிட்ட நாய் அடிபட்டுதுன்னு சொன்னேன். மூணாம் நாள் வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டில கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்துது. பேரு சென்னியப்பன். அதா, அந்த ஓட்டு வீடு."

சம்பூர்ணம் அவர் கையை விட்டாள். உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவைத்த ஆள் எந்த வருஷத்தில் அடங்கிப்போனார் என்று இப்போது அவளால் நாள் குறித்துச் சொல்ல முடியும். தான் நிம்மதி என்று நினைத்துக் குடித்தனம் நடத்தினது எதன்மேல் என்பதும் தெரிந்தது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம். அவர் இறங்கவேயில்லை என்று நாத்தனாரிடம் சொல்லலாம். சாவி கையில்தான் இருந்தது.

அவர் நடக்கத் தொடங்கினார். மண்பாதையில் பத்தடி போய், கால் ஓடாமல் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. சம்பூர்ணம் சாவியை முந்தியில் முடிந்துகொண்டு போய், அவர் பக்கத்தில் நடந்தாள்.

ஓட்டு வீட்டு வாசலில் சென்னியப்பனின் பெண்சாதி மயிலாத்தாள் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசிருக்கும். வந்தவர்களைப் பார்த்து, "வாங்க, எந்த ஊருங்க?" என்று எழுந்தாள். நாச்சிமுத்து கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்காமல், மரத்தைப் பார்த்துச் சொன்னதை இப்போது அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார், ஒன்றையும் விடவில்லை, நாய் என்று சொன்னதையும் விடவில்லை.

மயிலாத்தாள் உட்கார்ந்துவிட்டாள். முறத்திலிருந்த கடலையைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள். கோழி ஒன்று வந்து தோலைக் கிளறியது. அதை விரட்டாமல், "அப்ப அவரு ஏதாச்சும் பேசுனாரா?" என்று கேட்டாள்.

"பேசுனாருங்க."

"என்ன சொன்னாரு?"

"மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்க, ரோட்டுக்குப் போயிரும்னாரு."

"கட்டுனீங்களா?"

"கட்டுனேனுங்க. அந்த வேலமரத்தில கட்டிப்போட்டுத்தானுங்க போனேன்."

மயிலாத்தாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சம்பூர்ணத்தால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஒம்போது வருசமா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கறேன். அடிபட்டுக் கிடந்தவரு மாட்டை எப்படிக் கட்டியிருப்பாருன்னு. போலீசுக்காரங்களக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், எம்மகன் தினகரனைக் கேட்டேன். மாட்டைக் கட்டுறதுக்கு உனக்குக் கை இருந்துது. மனுசனைத் தூக்கறதுக்கு இல்லாமப் போச்சு."

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

மகன் தினகரன் பைக்கில் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தாய் சொன்னதைக் கேட்டான். கடப்பாரை சுவரில் சாய்த்திருந்தது. அவன் பார்வை அங்கே போய்த் திரும்பி மறுபடியும் அங்கே போனதை சம்பூர்ணம் பார்த்தாள். அவளும் தரையில், அவர் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டாள்.

"எழுந்திரிங்க" என்றான் கடைசியில். "ஸ்டேஷனுக்குப் போலாம். எங்கிட்டச் சொன்னதை அங்க வந்து சொல்லுங்க."

பிற்பாடு வழக்கு நடந்தது, அவர் உள்ளே போனார், தண்டனை முடிந்து வெளியே வந்தார். கேஸ் கட்டர் பட்டறையிலேயே கிடந்தது. நாமக்கல் அம்மாளின் மகன் மார்கழியில் ஒருநாள் ஒரு வங்கி வாசலில் இறங்கினான். சம்பூர்ணம் இன்றைக்கும் அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறாள். ஆனால் அன்றைக்கு அவர்கள் நாலு பேரும் மண்பாதையில் வண்டியை நோக்கி நடந்தபோது இதில் எதுவும் யாருக்கும் தெரியாது. ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் தொடாமல் பின்சீட்டில் ஏறினார்கள். சம்பூர்ணம் முந்தியிலிருந்து சாவியை அவிழ்த்தாள். இந்த முறை யார் இறங்குவார்கள், யார் இறங்கமாட்டார்கள் என்று அவளால் சொல்ல முடியாது. மயிலாத்தாள் முன்கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. வேலமரம் பின்னால் போனது. முரண்டு பிடித்த இரண்டாவது கியரைச் சம்பூர்ணம் தட்டிப் போட்டாள். சாலையில் எதிரே, வெகு தூரத்தில், யாரோ இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

மயிலாத்தாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "மெதுவாவே போ, கண்ணு."